போகப் போகப் பழகிடும்

ஒரே கருவிலிருந்து உருவான இரட்டைப் பிள்ளைகள். மரபணு ஒன்று. அப்பா, அம்மா, வீடு, சாப்பாடு எல்லாம் ஒன்று. வயது பன்னிரண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். விடை தப்பினால் மானம் போகும், நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு படபடக்கும். கணக்குக்கு முன்பும் பின்பும் உமிழ்நீரைச் சேகரித்து, அதில் கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று அளந்தார்கள். இரட்டையர் இருவருக்கும் இடையே ஆய்வாளர்கள் தேடிப் பிடித்த வேறுபாடு ஒன்றுதான்: ஒரு பிள்ளையைப் பள்ளியில் சக பிள்ளைகள் தொடர்ந்து வதைத்திருந்தார்கள், மற்ற பிள்ளைக்கு அது நேரவில்லை. இப்படி 30 ஜோடிகள்.

பதற்றம் வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். அது சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். அட்ரினல் கார்டிசாலை ரத்தத்தில் இறக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கவனம் கூர்மையாகும், உடல் காரியத்துக்குத் தயாராகும். வேலை முடிந்ததும் அதே கார்டிசால் மூளைக்குப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்லும். ஏற வேண்டிய நேரத்தில் ஏறி, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதுதான் ஆரோக்கியம்.

வதைபடாத பிள்ளைகளுக்குக் கார்டிசால் எதிர்பார்த்தபடி ஏறியது. வதைபட்ட பிள்ளைகளுக்கு ஏறவில்லை.

இசபெல் உவெல்லே-மொரான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட முடிவு இது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதி போலத் தோன்றும். பாருங்கள், வதைபட்ட பிள்ளை கல்லாகிவிட்டது, சின்னப் பதற்றமெல்லாம் இனி அதை அசைக்காது! நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் ஆறுதலும் இதுதானே. “பசங்கன்னா அப்படித்தான் கிண்டல் பண்ணுவாங்க. கண்டுக்காத. போகப் போகப் பழகிடும்.” பழகத்தான் செய்கிறது. ஆனால் அதே குழுவினர் 190 பிள்ளைகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், கார்டிசால் இப்படி மந்தமாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் நடத்தைச் சிக்கல்களும் மற்றவர்களோடு பழகுவதில் சிரமங்களும் கூடுதலாக இருந்தன. ஓயாமல் அடிக்கும் அபாய மணியை உடல் ஒரு கட்டத்தில் அணைத்துவிடுகிறது. அதன் பிறகு உண்மையான ஆபத்துக்கும் அது அடிக்காது.

இரட்டையரைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. “வதைபடும் பிள்ளை இயல்பிலேயே பயந்த சுபாவம், அதனால்தான் வதைபடுகிறது, அதனால்தான் மனமும் நோகிறது” என்று யாரும் எதிர்வாதம் வைக்கலாம். மரபணுவும் வீடும் ஒன்றாகவே இருக்கும்போது அந்த வாதத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995-இல் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ‘ஈ-ரிஸ்க்’ என்ற பெரிய ஆய்விலிருந்து பிரித்தெடுத்த ஜோடிகள் இவர்கள். அந்த ஆய்வின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

எதை வதை என்று சொல்கிறோம்? சண்டை வேறு, இது வேறு. இரண்டு பிள்ளைகள் கட்டிப் புரண்டு, காய் விட்டு, மறுநாள் பழம் விட்டுக்கொண்டால் அது குழந்தைப் பருவம். டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர் மூன்று அளவுகோல்களை வைத்தார். வேண்டுமென்றே நோகடிக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பலம் சமமாக இருக்கக் கூடாது. உடல் பலமோ, ஆள் பலமோ, வகுப்பில் உள்ள செல்வாக்கோ ஒரு பக்கம் ஓங்கியிருந்தால், எதிர்ப்பக்கத்துப் பிள்ளையால் தன்னைத் தற்காத்துக்கொள்ள முடியாது. அடி உதைதான் வேண்டும் என்பதில்லை. பட்டப்பெயர் சூட்டுவது, புத்தகப் பையை ஒளித்துவைப்பது, “அவளோட யாரும் பேசக் கூடாது” என்று வகுப்புக்குள் உத்தரவு போடுவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டு அதே குழுவில் அவளைப் பற்றிப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும்.

ஓல்வேயுஸ் ஸ்வீடன்காரர். வாழ்நாளின் பெரும்பகுதி நார்வேயின் பெர்கன் நகரில் வேலை பார்த்தார். 1970-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார், ஆனால் அரசாங்கங்கள் காது கொடுக்கவில்லை. 1982-இன் இறுதியில் வடக்கு நார்வேயில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட மூன்று சிறுவர்கள் தற்கொலையில் இறந்தார்கள். சக பிள்ளைகளின் கடும் வதை காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று செய்தித்தாள்கள் எழுதின. நாடே குலுங்கியது. மறு ஆண்டே கல்வி அமைச்சகம் நாடு தழுவிய திட்டம் ஒன்றை அறிவித்தது. பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை இரண்டரை ஆண்டுகள் ஓல்வேயுஸ் தொடர்ந்து கவனித்தார். பள்ளி முழுவதும் ஒரே விதி, மைதானத்திலும் நடைபாதையிலும் பெரியவர்களின் கண்காணிப்பு, வகுப்பில் வாரந்தோறும் பேச்சு, தவறு செய்த பிள்ளையிடமும் அதன் பெற்றோரிடமும் நேரடி உரையாடல். வதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக அவர் கணக்குக் காட்டினார். பிற நாடுகளில் அதே திட்டத்தை நடத்தியவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் உடைத்த ஒரு நம்பிக்கை நமக்கு முக்கியம். குண்டாக இருப்பதால், கண்ணாடி போட்டிருப்பதால், பேச்சு திக்குவதால்தான் ஒரு பிள்ளை மாட்டிக்கொள்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்படி 14 புற அடையாளங்களை எடுத்துக்கொண்டு ஓல்வேயுஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். வதைபட்ட சிறுவர்களிடம் மற்றவர்களைவிட அந்த அடையாளங்கள் அதிகமாக இல்லை. உடல் பலம் குறைவு என்ற ஒன்றைத் தவிர. கண்ணாடி போட்ட பிள்ளையைச் ‘சோடா புட்டி’ என்று அழைப்பவன் கண்ணாடியைப் பார்த்து அழைக்கவில்லை. திருப்பி அடிக்காத பிள்ளையைத் தேர்ந்தெடுத்த பிறகு, அழைப்பதற்கு ஒரு பெயரைத் தேடுகிறான்.

இனி வயதுக்கு வருவோம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான பருவத்தை நாம் அலட்சியமாகக் கடந்துவிடுகிறோம். குழந்தை என்று கொஞ்ச முடியாது, வயசுப்பிள்ளை என்று கவலைப்படவும் தோன்றாது. உள்ளே மூளையில் நடப்பதோ மிகப் பெரிய வேலை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மனநல மருத்துவர் 145 பிள்ளைகளை எம்.ஆர்.ஐ. எடுத்து, அவர்களில் பலரைச் சில ஆண்டுகள் இடைவெளிவிட்டு மறுபடியும் எடுத்து, 1999-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் வளர்ந்துகொண்டே போய், பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 11 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் உச்சம் தொட்டு, பிறகு மெல்லக் குறையத் தொடங்குகிறது. குறைவது குறைபாடு கிடையாது. அதிகம் உபயோகமாகும் நரம்பிணைப்புகளை வைத்துக்கொண்டு, உபயோகம் குறைந்தவற்றை மூளை கழித்துவிடுகிறது. தோட்டக்காரர் பாஷையில் இது கவாத்து. எந்தக் கிளை நிற்கும், எந்தக் கிளை போகும் என்பதை அந்தப் பிள்ளையின் அன்றாட அனுபவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இதில் ஒரு கால வித்தியாசம் இருக்கிறது. அச்சத்தையும் அவமானத்தையும் நொடியில் பிடித்துக்கொள்ளும் அமிக்டலா போன்ற ஆழ்பகுதிகள் பருவ ஹார்மோன்கள் எழும் இந்த வயதில் வேகமெடுத்துவிடுகின்றன. “பொறு, இது ஒரு வாரத்தில் போய்விடும்” என்று அவற்றைத் தணிக்கும் நெற்றிப்புற மூளை முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். நாற்பது வயதுக்காரர் அலுவலகத்தில் அவமானப்பட்டால் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்கலாம், வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு வகுப்பு இல்லை. நாளைக் காலையும் அதே பெஞ்சு.

சக பிள்ளைகளின் கூட்டம் இந்த வயதில் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதைக் காட்ட ஒரு சின்ன விளையாட்டு போதும். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் நாயுடன் உட்கார்ந்திருந்தார். எறிதட்டு ஒன்று அவர்மேல் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இருவரும் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் காரணமே இல்லாமல் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். பெரிய மனிதர், முகம் தெரியாத இருவர், ஐந்து நிமிட ஆட்டம். ஆனாலும் அவருக்கு நெஞ்சில் தைத்தது. அதையே கணினியில் ‘சைபர்பால்’ என்ற சோதனையாக்கினார். திரையில் மூன்று பேர் பந்து வீசிக்கொள்வார்கள், சில சுற்றுகளுக்குப் பிறகு மற்ற இருவரும் உங்களை விட்டுவிடுவார்கள். நிஜத்தில் அந்த இருவரும் மனிதர்களே இல்லை, வெறும் நிரல். 2010-இல் லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரின் குழு இதைப் பல வயதுப் பெண்களிடம் வைத்துப் பார்த்தபோது, வளர்ந்த பெண்களைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளின் மனநிலைதான் அதிகம் சரிந்தது.

இதே சோதனையை 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் நடத்தி, ஒதுக்கப்பட்டவரின் மூளையில் உடல் வலியின்போது இயங்கும் பகுதி ஒன்று இயங்குவதைக் காட்டினார். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ஆய்வு. “மனவலியும் உடல்வலியும் மூளைக்கு ஒன்றுதான்” என்று மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாசகம் மேல் சந்தேகம் உண்டு. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 13 பேர்தான். அந்த மூளைப்பகுதியும் வலிக்கு மட்டும் இயங்குவதில்லை, கவனத்தைப் பிடித்து இழுக்கும் பலவற்றுக்கும் இயங்கும். 2014-இல் வேறொரு குழு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்து, தோலில் சூடு பட்டதற்கும் காதலில் கைவிடப்பட்டதற்கும் மூளையின் இயக்கக் கோலம் வேறு வேறு என்று சொன்னது. வதையின் கொடுமையை நிரூபிக்க உடல் வலியோடு அதைச் சமப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நீண்டகால வதை மூளையின் வடிவத்தையே மாற்றுமா? இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளைச் சேர்ந்த 682 பேரை 14 வயதிலும் 19 வயதிலும் எம்.ஆர்.ஐ. எடுத்த ‘இமாஜென்’ ஆய்வின் தரவுகளை எரின் பர்க் குயின்லனின் குழு அலசி 2018-இல் வெளியிட்டது. இடைவிடாமல் வதைபட்டவர்களின் மூளையில் புட்டமென், காடேட் என்ற இரண்டு பகுதிகள் மற்றவர்களுக்குச் சுருங்கியதைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தன. எதில் பலன் கிடைக்கும், எதற்கு முயல வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் வேலையில் பங்குள்ள பகுதிகள் அவை. அந்தக் கூடுதல் சுருக்கத்துக்கும் 19 வயதில் இருந்த பதற்றக் கோளாறுக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் 682 பேரில் கடும் வதைக்கு ஆளானவர்கள் 36 பேர் மட்டுமே. இதை வைத்து “கேலி செய்தால் மூளை சுருங்கும்” என்று தலைப்புப் போட்ட செய்திகள் அவசரக்காரர்களுடையவை. அதோடு, பத்து வயதில் என்ன நடந்தது என்று கேட்டால் 14 வயதில் எடுத்த முதல் படத்திடம் பதில் கிடையாது.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் அமெரிக்காவில் ‘ஏ.பி.சி.டி.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வு நடக்கிறது. 21 மையங்கள், 9, 10 வயதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 11,800 பிள்ளைகள். பத்தாண்டு காலம் மூளைப் படம், மரபணு, வீடு, பள்ளி, தூக்கம், திரை நேரம் என்று எல்லாவற்றையும் தொடர்கிறார்கள். வதை முதலில் வந்ததா, மூளையின் வேறுபாடு முதலில் இருந்ததா என்ற கேள்விக்கு இவ்வளவு பெரிய கூட்டத்தை வதைக்கு முன்பிருந்தே கவனித்தால்தான் விடை சொல்ல முடியும்.

இந்தப் பிள்ளைகளில் 10,414 பேரின் விவரங்களை ரான் பார்சிலாயின் குழு 2022-இல் வெளியிட்டது. அப்போது அவர்களுக்கு 10 முதல் 13 வயது. இணையத்தில் வதைபட்ட பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. குடும்பச் சூழல், ஏற்கெனவே உள்ள மனநலச் சிக்கல்கள் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோது அந்த அளவு நன்றாகவே குறைந்தது, ஆனால் மறையவில்லை. இணையத்தில் மற்றவர்களை வதைத்த பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நெருடலானது. “வதைக்கும் பிள்ளையும் உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருக்கிறது” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வதைபட்டு, தானும் பிறரை வதைக்கும் பிள்ளைகளுக்கு அது பொருந்தும். நீண்டகால ஆய்வுகளில் மிக மோசமான நிலையில் இருப்பவர்கள் அவர்கள்தான். வதைப்பதை மட்டுமே செய்பவர்கள் கதை வேறு. அமெரிக்காவில் 1,420 பிள்ளைகளை வளரும்வரை தொடர்ந்த ஆய்வு ஒன்றில் உடலின் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் வதைபட்டவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறியது. வதைத்தவர்களுக்கோ எல்லோரையும்விடக் குறைவாக இருந்தது. வகுப்பில் கிடைத்த செல்வாக்கு அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொண்டது. லாபம் வரும் தொழிலை யாரும் உபதேசம் கேட்டு விடமாட்டார்கள். வதையைத் தடுக்க நினைப்பவர்கள் அந்த லாபத்தில் கைவைக்க வேண்டும்.

தற்கொலைக்கு வருவோம். கவனமாகப் பேச வேண்டிய இடம். வதைபடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அந்த எண்ணத்துக்கே போவதில்லை. போனவர்களிலும் உதவி கிடைத்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். எந்தத் தற்கொலையையும் ஒரே காரணத்தில் கொண்டுபோய்க் கட்ட முடியாது. ஈ-ரிஸ்க் இரட்டையர்களைப் பற்றி ஹெலன் ஃபிஷர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வதைபட்ட பிள்ளைகளில் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டவர்களுக்கு மூன்று கூடுதல் சுமைகள் இருந்தன: குடும்பத்தில் யாராவது தற்கொலைக்கு முயன்ற வரலாறு, ஏற்கெனவே உள்ள மனநலச் சிக்கல், பெரியவர்களிடம் வாங்கிய அடி. அப்படியும் ஒரே வீட்டு இரட்டையரில் வதைபட்ட பிள்ளைக்குத்தான் ஆபத்து கூடுதல்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர், தன் தந்தையைத் தற்கொலையில் இழந்தவர். தற்கொலைக்கு அவர் சொன்ன விளக்கம் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. ‘எனக்கு யாரும் இல்லை’ என்ற உணர்வும் ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற உணர்வும் சேர்ந்தால் சாக வேண்டும் என்ற எண்ணம் பிறக்கிறது. எண்ணம் செயலாக மாற வேண்டுமென்றால், வலிக்கும் அச்சத்துக்கும் எதிரே உயிர் இயல்பாகப் போடும் தடை தளர வேண்டும். மீண்டும் மீண்டும் வலியும் அவமானமும் பட்டுப் பட்டு அந்தத் தடை தளர்கிறது என்பது ஜாய்னரின் வாதம். இதை அந்தப் பன்னிரண்டு வயது உமிழ்நீர்ச் சோதனையோடு சேர்த்துப் படித்தால் எனக்குச் சற்று நடுக்கமாக இருக்கிறது. வதை ‘யாரும் இல்லை’ என்பதைத் தினமும் கற்றுத்தருகிறது, நாம் சொல்லும் ‘பழகிக்கோ’ மீதியைச் செய்கிறது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

சிறு வயதில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் 2003 முதல் 2012 வரை தற்கொலையில் இறந்த சிறு பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மனநலச் சிக்கல் இருந்ததாகத் தெரிந்தவர்களில் 12 முதல் 14 வயதினரிடம் மனச்சோர்வு அதிகம் இருந்தது. அதற்கும் கீழே 11 வயது வரையானவர்களிடம் கவனக்குறைபாடும் துறுதுறுப்பும்தான் அதிகம் தெரிந்தன. அந்த வயதில் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே உள்ள நேரம் மிகக் குறுகியதாக இருக்கலாம். பெரியவர்களைப்போல வாரக்கணக்கில் மூலையில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவோம். பத்து வயதில் துயரம் வேறு வேஷத்தில் வரும். காரணமில்லாத கோபம். ஞாயிறு மாலையானால் வயிற்றுவலி. பள்ளி வேன் ஹார்ன் கேட்டதும் கழிவறைக்கு ஓட்டம். டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பி வரும். நேற்றுவரை பிடித்திருந்த சைக்கிள் தூசி படியும்.

பெற்றோருக்குத் தெரிந்துவிடாதா? ஏ.பி.சி.டி. ஆய்வின் 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,814 பேரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே கேட்டு 2020-இல் வெளியான ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்ததாகப் பிள்ளை சொன்ன இடங்களில் முக்கால்வாசிக்கும் மேல் பெற்றோருக்கு அது தெரியவே இல்லை. சண்டை மிகுந்த வீட்டிலும், பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று கவனிக்காத வீட்டிலும் ஆபத்து அதிகம். இதன் மறுபக்கமும் அளக்கப்பட்டிருக்கிறது. ஈ-ரிஸ்க் ஆய்வின் 1,116 குடும்பங்களில், அம்மாவின் வாஞ்சையும் அண்ணன் தம்பி அக்கா தங்கையின் நெருக்கமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் வதைபட்டும் அவ்வளவாக உடைந்துபோகவில்லை. வகுப்பில் நடப்பதை வீட்டால் நிறுத்த முடியாது. ஆனால் ‘எனக்கு யாரும் இல்லை’ என்ற பாடத்தை வீட்டால் மறுக்க முடியும்.

வகுப்பில் நடப்பதை நிறுத்தக்கூடியவர்கள் யார் என்பதற்கு டொரன்டோவில் ஓர் அழகான விடை கிடைத்தது. டெப்ரா பெப்லர், வெண்டி கிரேக் இருவரும் தங்கள் மாணவியோடு சேர்ந்து, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் உடையில் சின்ன மைக்குகளைப் பொருத்தி, தூரத்திலிருந்து மைதானத்தைப் படம்பிடித்தார்கள். பதிவான வதைகளில் 88 சதவீதம் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தன. 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டவற்றில் பாதிக்கும் மேல் பத்து நொடிக்குள் வதை நின்றுபோனது. பத்து நொடி! பெரிய வீரம் எதுவும் இல்லை. “டேய், விடுறா அவனை” என்று ஒரு குரல், அவ்வளவுதான். வதைக்கிறவனுக்குக் கூட்டம்தான் கூலி. கூட்டம் சிரிக்கவில்லை என்றால் கூலி இல்லை.

ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி இதே அடிப்படையில் ‘கிவா’ திட்டத்தை வடிவமைத்தார். நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான 8,237 பிள்ளைகளைக் கொண்டு 78 பள்ளிகளில் சோதித்துவிட்டு, 2009 முதல் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத்தான் அது குறிவைக்கிறது. பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, மிதமான குறைவுதான். ஆனால் ஒரு நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் மிதமான குறைவு என்றால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். அந்தக் குழுவே பிறகு கண்டுபிடித்துச் சொன்ன ஒரு முரணும் இருக்கிறது: வதை வெகுவாகக் குறைந்துவிட்ட வகுப்பில் இன்னும் வதைபடும் ஒன்றிரண்டு பிள்ளைகளின் மனநிலை, வதை மலிந்த வகுப்பில் வதைபடுபவர்களின் மனநிலையைவிட மோசமாக இருந்தது. எல்லோருக்கும் நடந்தால் காரணம் அவர்களிடம். எனக்கு மட்டும் நடந்தால் காரணம் என்னிடம் என்று பிள்ளை கணக்குப் போடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கில் சாதியையும் சேர்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, பள்ளியில் அவனைச் சாதி சொல்லி வதைத்துவந்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். அதன் பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை அகற்றச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஓல்வேயுஸ் சொன்ன ‘பலம் சமமில்லாமை’ இங்கே மைதானத்தில் உருவாவதில்லை, பிள்ளை பள்ளிக்கு வரும்போதே ஊரிலிருந்து கையில் கட்டிக்கொண்டு வருகிறது. நார்வே திட்டத்தையோ ஃபின்லாந்து திட்டத்தையோ அப்படியே இறக்கினால் போதும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய முடிந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் தயங்கும் இடம் அது. பிள்ளையிடம் நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமா? நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 2,342 பேரை வைத்து மேடலின் கூல்டின் குழு 2005-இல் இதைச் சோதித்தது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஆகவே கேட்கலாம். “ஸ்கூல்ல யார்கூட சாப்பிட்ட?” என்று தொடங்குவது நல்லது. “இன்னிக்கு எப்படி இருந்துச்சு?” என்றால் “நல்லா இருந்துச்சு” என்ற ஒரே பதில்தான் வரும். ஏதோ சரியில்லை என்று பட்டால், “செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுச்சாடா கண்ணு?” என்று குரல் உயர்த்தாமல் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். ‘ஆமாம்’ என்று வந்தால் திட்டவோ அழவோ சத்தியம் வாங்கவோ கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போக வேண்டும். பள்ளிக்குப் போய்ப் பேசும்போது நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுக்க வேண்டும், வதைத்த பிள்ளையையும் வதைபட்ட பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்திச் சமாதானம் பேசவைக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. பலம் சமமில்லாத இடத்தில் சமரசம் என்பது பலசாலியின் வெற்றிதான்.

தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலி-மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். சென்னையில் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையம் 1986 முதல் இயங்குகிறது, அதன் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை, என்ன செய்வதென்று தெரியாத அம்மாவோ அப்பாவோ வகுப்பு ஆசிரியரோ அழைத்தாலும் பேசுவார்கள்.